அழுதால் நோய் கூடுமா?

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்குத் தொண்டைப் புற்றுநோய். கீமோ நடக்கிறது. சில நாள் அழுகிறாள், சில நாள் யாரிடமும் பேசுவதில்லை. ‘மனசு உடைஞ்சா மருந்து வேலை செய்யாது, தைரியமா இரு’ என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். நேற்று அவள், ‘அப்போ எனக்கு ஏதாவது ஆனா அதுவும் என் தப்பா?’ என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது?

வி.

அன்புள்ள வி,

அவர் தப்பு இல்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரின் தகவல்களை ஆராய்ந்து உளவியலாளர் ஜேம்ஸ் காய்ன் குழுவினர் 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகளின் மனநிலைக்கும் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. அழுகை மருந்தை முறிக்காது.

சரி, அப்படியானால் மனதைக் கவனிக்க வேண்டாமா? கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்றைய பொழுது அவருக்கு எப்படிப் போகிறது என்பது அதைப் பொறுத்தது. வாழ்க்கைத்தரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 26 கேள்விகளில் வலி, தூக்கம், பணம், நண்பர்களின் துணையோடு மனச்சோர்வும் பதற்றமும் வருகின்றன. ஸ்கேன் ரிப்போர்ட் ஒரே மாதிரி இருக்கும் இருவர் இந்தக் கேள்விகளுக்கு நேரெதிரான பதில் தரலாம்.

சமாளிக்கும் வழிகளை லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984-இல் இரண்டாகப் பிரித்தார்கள்: பிரச்சினையையே மாற்றப் பார்ப்பது, அது கிளப்பும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வது. இரண்டும் வேண்டும். வாய்ப்புண்ணுக்கும் குமட்டலுக்கும் மருந்து உண்டு, கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கும் நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு அழலாம், பிரார்த்திக்கலாம், படம் பார்க்கலாம். கெடுதல் செய்வது வேறு: ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே வைப்பது, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதற்குப் பக்கத்தில் உங்கள் அக்கா வந்துவிட்டார். அங்கே கொண்டுபோய் விட்டது நீங்கள் எல்லோரும் சொன்ன தைரியம்தான்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. தைரியசாலியாக நடிக்க வேண்டியவர் கண்ணீரோடு வலியையும் மறைப்பார். விழுங்க முடியவில்லை என்பதைக்கூடச் சொல்லமாட்டார். தணித்திருக்கக்கூடிய வேதனையை வீணாக அனுபவிப்பார்.

அழுகைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வித்தியாசம் உண்டு. களைப்பும் பசியின்மையும் கீமோவாலேயே வரும், அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி சோகமாக இருந்தால், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘செத்துப்போனால் தேவலை’ என்று பேசினால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, கீமோ நடக்கும்போதும் எடுக்கலாம்.

அப்புறம், ‘தைரியமா இரு’ என்பதை நிறுத்திவிட்டு ‘இன்னைக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். சொல்வதைக் குறித்துவைத்து அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அங்கே அவரே பேசட்டும். விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.