லாக் படிக்கும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் மகளோடு படிப்பவர்கள் எல்லாம் ஆப் செய்து காட்டுகிறார்கள், இவள் மட்டும் கறுப்புத் திரையில் ஓடும் லாக் வரிகளை, அதாவது கணினி தன்னில் நடப்பதை எழுதி வைக்கும் பதிவுகளை, பார்த்துக்கொண்டு ராத்திரி கண்விழிக்கிறாள், இதை நம்பி வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறைந்துவிடும்.

ஒரு சர்வரில் இணையதளம், டேட்டாபேஸ், பேக்கப் என்று ஒவ்வொன்றும் ஒரு சர்வீஸாக ஓடிக்கொண்டிருக்கும். அவை நின்று மறுபடி தொடங்குவது சகஜம். அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் ஆகும், கிராஷ் ஆனால், அப்படி அமைத்திருந்தால், லினக்ஸ் இயங்குதளத்தில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் தானே எழுப்பிவிடும். ஆனால் திருட்டுத்தனமாக உள்ளே வந்தவருக்கும் ரீஸ்டார்ட் தேவைப்படும். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வீஸின் அமைப்புக் கோப்பில் தனக்கு ஒரு வழி எழுதி வைத்தாலும், அந்த சர்வீஸ் கோப்பை மறுபடி படித்தால்தான் வழி திறக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள், பூட்டுவதற்கு முன்னால் பேக்கப்பையும் ஆன்டிவைரஸையும் நிறுத்தப் பார்ப்பார்கள். வழக்கமான ரீஸ்டார்ட்டுகளுக்கு நடுவில் அந்த ஒன்றைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று ஒன்றைச் சொல்கிறேன், மகளிடமும் கேட்டுப் பாருங்கள். லினக்ஸின் ஆடிட் லாகில், அதாவது பாதுகாப்புத் தணிக்கைப் பதிவில், ஒரு ரீஸ்டார்ட்டுக்கு சர்வீஸ் ஸ்டாப், சர்வீஸ் ஸ்டார்ட் என்று இரண்டு வரி விழும். அதில் லாகின் செய்தவரின் எண்ணைக் குறிக்கும் ஏயுஐடி என்ற இடத்தில் 4294967295 என்று இருக்கும். யாரோ ஒரு பயனரின் எண் போலத் தோன்றும். ஆனால் லாகின் செய்த ஆள் என்று யாரும் பதிவாகவில்லை என்பதுதான் அதன் பொருள். சர்வீஸை நிறுத்தித் தொடங்கியது சிஸ்டம்டி, அதற்கு உத்தரவு போட்டவர் அந்த வரியில் இல்லை. அப்புறம் என்ன செய்வது? அதற்குச் சற்று முன்னால், ரூட் என்ற முழு அதிகாரக் கணக்காகக் கட்டளை போட உதவும் சூடோ எழுதிய யூசர் சிஎம்டி என்ற வரியைத் தேட வேண்டும். அங்கே கட்டளை ஹெக்ஸ் என்ற பதினாறடிமான எழுத்துகளாகச் சுருண்டு கிடக்கும், ஆடிட் லாகில் தேட உதவும் ஏயுசர்ச் கட்டளையில் மைனஸ் ஐ போட்டால் படிக்கும்படி விரியும். அந்த வரியின் ஏயுஐடி, ஆள் ரூட்டாக மாறிய பிறகும் முதலில் லாகின் செய்தவரின் எண்ணையே வைத்திருக்கும். சூடோ வரியும் இல்லை, அப்டேட்டும் நடக்கவில்லை, கிராஷும் இல்லை என்றால் நிமிர்ந்து உட்கார வேண்டும். யாரோ நேராக ரூட்டாகவே உள்ளே இருக்கலாம்.

விண்டோஸில் இதற்கு எண்கள் உண்டு. 7045 என்றால் புது சர்வீஸ் நிறுவப்பட்டிருக்கிறது, 1102 என்றால் பாதுகாப்பு லாகே அழிக்கப்பட்டிருக்கிறது. இவை பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

இந்த வேலைக்கு எஸ்ஓசி அனலிஸ்ட், அதாவது பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் ஆய்வாளர், என்று பெயர். ஆரம்ப வருடங்களில் இரவு ஷிஃப்ட் இருக்கும், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சான்றிதழ் ஒன்று இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழாகச் சேர்த்துக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதற்குப் பதில் மகளை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். தன் கணினியிலேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் ஓடும் கணினிகள், போட்டு, ஒன்றின் லாக் உடனுக்குடன் இன்னொன்றுக்குப் போகும்படி அமைக்கட்டும். ரூட் கைக்கு வந்தவர் உள்ளூர் லாகை அழித்துவிட முடியும் என்பதால் இது அவசியம். பிறகு ஒரே சர்வீஸைக் கையால், அப்டேட்டால், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானால், பிராசஸைக் கொன்று என்று பல வழிகளில் ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொன்றும் லாகில் எப்படித் தெரிகிறது என்று இரண்டு பக்கம் எழுதட்டும். எதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

நேர்காணலில், "ராத்திரி 2:40க்கு டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்பது போலக் கேட்பார்கள். உடனே தாக்குதல் என்று குதிப்பவரைவிட, அந்த நேரத்துக்கு ஏதாவது மாற்றம் அனுமதிக்கப்பட்டிருந்ததா என்று முதலில் விசாரிப்பவரைத்தான் நான் நம்புவேன். அந்த இரண்டு பக்கத்தை எழுதியவளுக்கு அந்த நிதானம் வந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பரிசோதனை எல்லாம் அவள் கணினிக்குள் மட்டும்தான். கல்லூரி சர்வரையோ தோழியின் கணக்கையோ எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடவே கூடாது.