அப்பாவுக்குச் சர்க்கரை, ஹார்ட், கிட்னி மூன்றும் இருக்கிறது. மூன்று டாக்டர்களில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: அப்பாவுக்கு 67 வயது, 20 வருடச் சர்க்கரை, இரண்டு ஸ்டென்ட், கிட்னி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை எண்ணான கிரியாட்டினின் 1.8. மூன்றுக்கும் மூன்று டாக்டர். ஒருவர் கூட்டிய மாத்திரையை இன்னொருவர் குறைக்கிறார். பிரஷருக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் வீட்டில் லோ சோடியம் உப்புக்கு மாறியிருக்கிறார்கள். இதில் யார் பேச்சைக் கேட்பது?

நான் டாக்டர் இல்லை. இதே மூன்றையும் சுமந்த என் அப்பாவோடு ஆறு வருடமாக அலைகிறவள். எனவே இது மருத்துவ ஆலோசனை இல்லை, அடிபட்டவளின் அனுபவம்.

எங்கள் வீட்டில் மூன்று பைகள் இருந்தன. ஜவுளிக்கடைக் கட்டைப் பைகள்தான். அம்மா அவற்றுக்குப் பெயரே வைத்திருந்தார்: சுகர் பை, ஹார்ட் பை, கிட்னி பை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோமோ அந்தப் பை மட்டும் எங்களோடு வரும். மற்ற இரண்டும் பீரோ மேலேயே இருக்கும். தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டால் அந்த பீரோவைத்தான் காட்டுவேன்.

ஒருநாள் காலை அப்பா பாத்ரூம் வாசலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 90/60. மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினோம், சரியானது. மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி மயக்கம். கடைசியில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, தெருமுனை மருந்துக்கடைத் தம்பி. எல்லா அட்டைகளையும் கண்ணாடி மேசை மேல் பரப்பிவைத்து, இரண்டை மட்டும் தனியே தள்ளினான். "அக்கா, பேருதான் வேற. உள்ள இருக்கிறது ஒண்ணுதான்." ஹார்ட் டாக்டர் டெல்மிசார்டன் 40 என்ற பிரஷர் மாத்திரையை எழுதியிருந்தார். கிட்னி டாக்டர் எழுதியது அதே டெல்மிசார்டனோடு அம்லோடிபைன் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை. கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. இரண்டு பேர் எழுதியதும் சரியான மருந்துதான். ஆனால் அப்பா இரட்டை டோஸ் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இதைவிட மோசமாக ஏமாந்தது சர்க்கரையில். 2021இல் அப்பாவின் காலைச் சர்க்கரை 180, 190 என்று இருந்தது, மாத்திரை எதையும் மாற்றாமலே 95க்கு இறங்கியது. பாகற்காய் ஜூஸின் மகிமை என்று அப்பா சொல்லிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்குச் சிபாரிசும் நடந்தது. ஒரு மாதம் கழித்து விடிகாலை 3 மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, என்னையே யார் என்று கேட்டார். குளுக்கோமீட்டரில் 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சமாளித்தோம்.

அப்புறம்தான் புரிந்தது. நம் உடம்பில் சுரக்கும் இன்சுலினானாலும் ஊசியில் போடுவதானாலும் அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கட்டுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் இன்சுலின் ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். அப்பா போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான் தங்கும். பழைய டோஸே அதிக டோஸாகிவிடும். ஆக, சர்க்கரை தானாக இறங்கியது நல்ல சேதி இல்லை. கிட்னி அனுப்பிய தந்தி. அதைப் படித்திருக்க வேண்டிய சர்க்கரை டாக்டரிடம் கிரியாட்டினின் ரிப்போர்ட் போகவே இல்லை. அது கிட்னி பையில், பீரோ மேல் இருந்தது.

சாப்பாட்டுக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சுகர் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் சோற்றைக் குறை, சுண்டல், பயறு, கீரையைக் கூட்டு என்றிருந்தது. கிட்னி ஆஸ்பத்திரித் தாளில் பருப்பைக் குறை, கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டு, இளநீர் வேண்டாம். ஹார்ட் டாக்டர் ஒருநாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கிட்னிக்குத் தண்ணி நிறையக் குடிக்கணும் என்றார்கள். இரண்டு தாளையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துவிட்டு அம்மா கேட்டார்: "அப்போ என்னத்தைத்தான் ஆக்கிப் போடறது, காத்தையா?" போதாததற்கு நம் ஊரில் கிரியாட்டினினை 'உப்பு' என்று வேறு சொல்கிறோம். 'உடம்பில் உப்பு ஏறிவிட்டது' என்று கேட்ட அப்பா, சாப்பாட்டில் உப்பை விட்டால் கிட்னி சரியாகிவிடும் என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் கூட்ட, ஒருவர் குறைக்க என்கிறீர்களே, அது பெரும்பாலும் நீர் மாத்திரையாகத்தான் இருக்கும். எங்களுக்கும் அதுவே. கால் வீங்கி மூச்சு வாங்கியதும் ஹார்ட் டாக்டர் டார்சமைடைக் கூட்டுவார். வீக்கம் வடியும், கிரியாட்டினின் ஏறும். கிட்னி டாக்டர் அதைப் பார்த்துக் குறைப்பார். கிரியாட்டினின் இறங்கும், கால் மறுபடி வீங்கும். ஆறு மாதம் இந்த ஏற்றமும் இறக்கமும்தான்.

இதில் ஒருவரும் தப்பில்லை. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கைப்பிடி அளவு இருக்கும் இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் சோர்ந்தால் முதலில் தவிப்பவை அவை. அவை சோர்ந்தால் உப்பும் நீரும் தேங்கி இதயத்தின் மேல் பாரமாக ஏறும். சர்க்கரை இரண்டையும் உள்ளிருந்து அரிக்கும். மூன்றும் ஒரே நோயின் மூன்று முகம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023 அக்டோபரில் இதற்குத் தனிப் பெயரே வைத்து, 0 முதல் 4 வரை நிலை பிரித்தது. உடல் எடை மட்டும் கூடியிருந்தால் அது 1. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் என்று வந்துவிட்டால் 4.

எங்கள் ஆட்டத்தை நிறுத்தியது ஒரு போன். புதிதாகப் பார்த்த கிட்னி டாக்டரிடம் மூன்று பைகளையும் கொண்டுபோனேன். அவர் அரைமணி நேரம் புரட்டிவிட்டு, என் எதிரிலேயே ஹார்ட் டாக்டரைக் கூப்பிட்டார். பேசியது இரண்டு நிமிடம். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: அப்பாவின் சரியான எடை 64 கிலோ. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் மாத்திரை அரை கூட்டு, உடனே தகவல் சொல். 63க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ போன் செய். கிரியாட்டினின் 2.2 வரை பதறாதே. இருவரும் ஒப்புக்கொண்ட எண்கள் இவை. அப்பாவுக்கானவை, உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் இப்படி ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்.

யார் சொல்வதைக் கேட்பது என்பதைவிட, மூன்று பேர் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்பது யார் என்று கேளுங்கள். எங்களுக்கு அது வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொது மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரி இல்லை. மற்ற மூவர் எதை மாற்றினாலும் இவரிடம் காட்டிவிட்டுத்தான் அப்பாவுக்குக் கொடுப்போம். பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் மூன்று துறையும் சேர்ந்து பார்க்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவையும் குறைவாக நினைக்காதீர்கள். கூட்டம் உண்டு, காத்திருக்க வேண்டும். ஆனால் எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும்.

சேர்த்துப் பார்ப்பதால் அப்படி என்ன கிடைத்துவிடும் என்று என் தம்பி கேட்டான். டென்மார்க்கில் ஸ்டெனோ நீரிழிவு மையம் இருக்கிறது. 1993இல் அங்கே 160 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் டைப் 2 சர்க்கரை, சிறுநீரில் லேசாக ஆல்புமின் என்ற புரதம் கசியும் நிலை. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு ஒரே குழு சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சாப்பாடு, நடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனித்தது. ஏறக்குறைய எட்டு வருடத்தில் இரண்டாவது குழுவில் இதய பாதிப்புகள் பாதியாகக் குறைந்திருந்தன. அதன்பின் எல்லாருக்குமே அந்தச் சேர்ந்த கவனிப்பைக் கொடுத்தார்கள். அப்படியும் 21 வருடம் கழித்துப் பார்த்தபோது, முதலிலிருந்தே அதைப் பெற்றவர்கள் ஏறக்குறைய 7.9 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அப்போது இன்றைய புது மாத்திரைகள் கிடையாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

புது மாத்திரை என்றதும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள். இவற்றின் மூதாதை ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள். சர்க்கரை மருந்தான எம்பாகிளிஃப்ளோசின் இதயத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்கத்தான் ஆய்வு செய்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது, இதய நோயால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு கிட்னியையும் காக்கிறது என்று தெரிந்தது. மூன்று டாக்டர்களும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே மாத்திரை எங்கள் வீட்டில் இதுதான். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020லும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்தன. அதன் பிறகு விலை நன்றாக இறங்கிவிட்டது.

ஆரம்பித்தபோது அப்பாவுக்குக் கிரியாட்டினின் லேசாக ஏறியது. அது எதிர்பார்த்ததுதான், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டும்; மருந்தின் வேலையே அது. பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ஆபரேஷன் சமயங்களில் இதையும், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், நீர் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரலாம். உங்கள் அப்பாவுக்கு எதை எப்போது நிறுத்துவது என்று நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கிவையுங்கள். ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு எங்களுக்கு அந்தத் தாள் உதவியது.

வீட்டில் நாங்கள் செய்வது கொஞ்சம்தான். மூன்று பைகள் போய் ஒரே ஃபைல். அதன் முதல் பக்கத்தில் எல்லா மாத்திரையும், கம்பெனிப் பெயரும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயருமாக. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் நீட்டுவேன். காலையில் பாத்ரூம் போய்வந்ததும், காப்பிக்கு முன்னால் எடை. அப்பாவே பார்த்துக் காலண்டர் தாளில் எழுதுவார். முட்டிவலி என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கு வீட்டில் தடை. டைக்லோஃபினாக், ஏசிக்ளோஃபினாக் போன்றவை நீர் மாத்திரையோடும் டெல்மிசார்டனோடும் சேர்ந்தால் கிட்னியைப் படுக்கவைத்துவிடும். அப்பா ஒரு தடவை சட்டைப் பையில் ஒளித்துவைத்திருந்ததைத் துவைக்கும்போது பிடித்தோம்.

அப்புறம் சோதனை. சிறுநீரில் ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம், ஏ.சி.ஆர். என்று லேபில் சொன்னால் தெரியும். காலை முதல் சிறுநீர் போதும். 30க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 300 தாண்டினால் நிலைமை தீவிரம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 17 வருடம் வரை இதை யாரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்தபின் பிரஷர், சர்க்கரை மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். மாத்திரை வருகிறதே என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு இருப்பது நாளை நமக்கு.

கடைசியாக அந்த லோ சோடியம் உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. கிட்னி தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் சரியாக வெளியேறாது. டெல்மிசார்டன், நீர் மாத்திரை வகையான ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை சேர்ந்தால் இன்னும் ஏறும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். உங்கள் கேள்வியில் கிரியாட்டினின் எண் இருக்கிறது, பொட்டாசியம் எண் இல்லை. இன்றைக்கே அந்தப் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுப் பழைய உப்பைக் குறைவாகப் போடுங்கள். நாளைக் காலையில் பொட்டாசியம் பார்த்துவிடுங்கள். எண் வந்ததும், மூவரில் யார் போனை எடுக்கிறாரோ அவரிடம் உடனே சொல்லுங்கள்.