நான்கு வயர் இருந்தால் போதுமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 2010 ஆம் ஆண்டு பிரியஸ். என்ஜின் விளக்கு எரிகிறது, பெற்றோலும் முன்னரைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. கராஜில் ஸ்கான் செய்தபோது பி2195 என்று வந்தது. முன்பக்க ஒட்சிசன் சென்சர் போய்விட்டதாம். வவுனியாவில் ஒரு கடையில் நான்கு வயர் சென்சர் மலிவாகக் கிடைக்கிறது. 'எல்லாம் ஒன்றுதான், வயரை வெட்டிப் பொருத்தலாம்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். கடைக்காரர் வயரை எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இந்தப் பொருளை வயரை எண்ணி வாங்க முடியாது.

உங்கள் காரின் புகைக்குழாயில், புகையில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்க்கும் இரண்டு சென்சர்கள் இருக்கின்றன. புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குப் பின்னால் இருப்பது சாதாரண ஒட்சிசன் சென்சர். பெற்றோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும், காற்று மிகுந்தால் 0.1 அளவுக்கு இறங்கும். அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது. முன்னால் இருப்பது அகல்வீச்சு வகை, டொயோட்டா அதை ஏ/எஃப் (காற்று/எரிபொருள்) சென்சர் என்று அழைக்கிறது. எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று அளந்து சொல்வது அதன் வேலை. 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெற்றோல் என்ற சமநிலையில் டொயோட்டா முறைப்படி 3.3 வோல்ட் காட்டும். காற்று மிகுந்தால் அந்த எண் ஏறும், பெற்றோல் மிகுந்தால் இறங்கும். அதாவது சாதாரண வகைக்கு நேர் எதிர். இரண்டுக்கும் நான்கு வயர்தான், மரையும் பெரும்பாலும் ஒத்துப்போகும், கையால் திருகினால் அழகாக இறங்கிவிடும். என்ஜினை ஆளும் கணினிக்கு மட்டும் தலைகால் புரியாது.

ஆகவே இலக்கத்தைப் பாருங்கள். டொயோட்டா உதிரிப்பாக இலக்கம் 89467 என்று தொடங்கினால் ஏ/எஃப் சென்சர், 89465 என்றால் சாதாரண வகை. டென்சோ நிறுவனம் தயாரித்த சென்சரின் பெட்டியில் 234-9 என்று தொடங்குவது முன்னதற்கு, 234-4 பின்னதற்கு. மீதி இலக்கங்களுக்கு உங்கள் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தைக் கடைக்காரரிடம் முழுதாகக் கொடுங்கள். 'பிரியஸ் 2010' என்று மட்டும் சொன்னால் கைக்கு எட்டியதைத்தான் எடுத்துத் தருவார்.

ஆனால் காசை எடுக்குமுன் ஒன்று. பி2195 என்பதற்குச் 'சென்சர் பழுது' என்று பொருளில்லை. 'காற்று மிகுதி என்ற இடத்திலேயே சமிக்ஞை நிற்கிறது' என்பதே பொருள். சென்சர் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டு தடவை புதுச் சென்சர் மாற்றிய ஒரு கார் என்னிடம் வந்தது. காற்றை அளக்கும் சென்சருக்கு அப்பால் இருந்த ரப்பர்க் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பின் அடியில் ஒரு வெடிப்பு, அதைச் சுற்றி உட்புறத்தில் செம்மண் கோடு. அளக்கப்படாத காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. நம் வீதிகளின் புழுதிக்கும் ஒரு நன்மை உண்டு, ஓட்டை இருக்கும் இடத்தை அது கோடு போட்டுக் காட்டிவிடும். சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் எங்காவது கசிந்தாலும் இதே குறியீடு வரும். பிரியஸ் நின்ற இடத்தில் என்ஜினை அணைத்துவிடும் என்பதால், என்ஜின் அணையாமல் ஓடும் 'பராமரிப்பு நிலை'யில் வைத்துத்தான் இதையெல்லாம் சோதிக்க முடியும். மரநிழலில் கிடக்கும் கார் என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் சென்சர்தான் என்றால், புதியதையே வாங்குங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழையது எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் புகை குடித்தது என்று யாருக்குத் தெரியும்? போலியும் தாராளமாக வருகிறது. பெட்டியில் உள்ள இலக்கமும் சென்சரின் உடலில் பொறித்த இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கொழும்பில் இருந்து பஸ்ஸில் பொதியாக வருவித்தால், பெட்டி நசுங்கியிருந்தால் ஏற்காதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான், விழுந்தால் வெளியே தெரியாமல் விரிசல் விட்டுவிடும்.

இணைப்பி அப்படியே பொருந்துவதாக இருக்கட்டும். வெட்டி முறுக்கி நாடா சுற்றும் வேலை வேண்டாம். பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்றை வயரின் உள்ளிடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன. ஈயப்பற்று வைத்தால் அந்த மூச்சு அடைபடும். பழையதை என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, பக்கம் பிளந்த 22 மில்லிமீற்றர் சொக்கற்றால் கழற்றச் சொல்லுங்கள். சிலிக்கன் பசை பூசிய கையால் நுனியைத் தொடவே கூடாது, சிலிக்கன் அதற்கு நஞ்சு.

மாற்றியதும் குறியீட்டை அழித்துவிட்டு முறிகண்டி வரை ஓட்டுங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எப்படியும் நிறுத்துவீர்கள். அப்போது ஸ்கானரில் நீண்டகால எரிபொருள் திருத்தத்தை, அதாவது கணினி பெற்றோலை எத்தனை வீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதைப் பாருங்கள். கூட்டல் பக்கம் பத்து வீதத்துக்கு மேல் நின்றால், திரும்பி வந்து அந்த ரப்பர்க் குழாயை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.