கம்ப்யூட்டர் ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

சிபியு ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்து அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். அந்த எழுத்து தெரிவதால் மானிட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கேபிளிலோ சிபியுவுக்குள்ளோதான்.

தனி கிராபிக்ஸ் கார்டு (மானிட்டருக்குப் படம் அனுப்பும் அட்டை) இருக்கிறதா? இருந்தால் மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகை) அல்ல, கார்டில்தான் செருக வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கழற்றி மாட்டினால் இது அடிக்கடி மாறிப்போகும். மானிட்டர் மெனுவில் இன்புட்டும் (எந்தக் கேபிளிலிருந்து படம் எடுப்பது என்ற தேர்வு) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அதெல்லாம் சரி என்றால் என் சந்தேகம் ரேம் மேல்தான் (மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவக அட்டை). பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கிளிப்பைத் தள்ளி ரேமை எடுங்கள். அடியில் உள்ள தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ‘டக்’ என்று கிளிப் பிடிக்கும்வரை அழுத்திச் செருகுங்கள். கொஞ்சம் பலமாகவே அழுத்த வேண்டியிருக்கும், பயப்படாதீர்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அப்புறமும் வரவில்லையா? பவர் கேபிளை மறுபடி பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் 3 வோல்ட் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் ஆரம்ப நிலைக்குப் போகும். தேதி, நேரம் மாறினால் திருத்திக்கொள்ளலாம்.

அதற்கும் மசியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.