முழு பலத்தையும் போட்டும் கட்டாவில் பவர் வரவில்லையே, ஏன்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், டோஜோவில் (கராத்தே பயிற்சிக் கூடத்தில்) மலையாளம். ஷோட்டோகான் கராத்தேயில் பிரௌன் பெல்ட் வாங்கிவிட்டேன். பிளாக் பெல்ட் தேர்வுக்கு பஸ்ஸாய் டாய் என்ற கட்டா (அடியும் தடுப்பும் கோத்த, தனியாகச் செய்யும் அசைவு வரிசை) செய்ய வேண்டும். வரிசை முழுக்க மனப்பாடம். ஒவ்வொரு அடியிலும் முழு பலத்தையும் போடுகிறேன். ஆனாலும் சென்செய் (ஆசிரியர்), "பவர் இல்லா, லூசாக்கு" என்றே சொல்கிறார். லூசாக விட்டால் பவர் எப்படி வரும்? தினமும் விடியற்காலையில் மொட்டை மாடியில் முழு கட்டாவையும் திரும்பத் திரும்பச் செய்கிறேன். கொஞ்ச நாளாக வலது முழங்கால் வலிக்கிறது. கையில் வெயிட் கட்டிக்கொண்டு செய்தால் பலன் கிடைக்குமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முழங்காலை முதலில் பார்ப்போம், அது காத்திருக்காது. மொட்டை மாடியின் சொரசொரப்பான சிமென்டில் வெறுங்காலோடு திரும்பினால் பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்தான். பஸ்ஸாய் டாயில் திரும்புகிற இடங்கள் நிறைய. திரும்பும் பயிற்சியை வீட்டுக்குள் வழவழப்பான தரையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் சிவப்பு ஆக்சைடு திண்ணை இதற்கு அருமையான இடம். ஜென்குத்சு டாச்சியில், அதாவது முன்கால் மடங்கிப் பின்கால் நீண்ட நிலையில், நிற்கும்போது முன்கால் முட்டி, கால் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி பவர். உங்கள் சென்செய் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசை, மடக்குவது முன்பக்கத் தசை. நீங்கள் முழு பலத்தையும் போடுகிறேன் என்று தொடக்கத்திலேயே முஷ்டியையும் தோளையும் இறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று நீட்டப் பார்க்கிறது, இன்னொன்று பிடித்து இழுக்கிறது. உங்களுக்குள் பெரிய பலம் ஓடுவதாகத் தோன்றும், களைப்பும் உண்மையாகவே வரும். ஆனால் அந்த பலத்தில் பாதி உங்களோடேயே மல்லுக்கட்டித் தீர்ந்துவிடுகிறது. ஈரத் துண்டை உதறிப் பாருங்கள். கை தளர்வாகப் போய், கடைசியில் சட்டென்று நின்றால்தான் நுனியில் 'பட்' என்று கேட்கும். இறுக்கம் அந்தக் கடைசிக் கணத்துக்கு மட்டும் உரியது. கிமே என்று டோஜோவில் சொல்வது அதைத்தான். அடுத்த கணமே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அடுத்த அடி, முந்தைய அடியின் இறுக்கத்திலேயே தொடங்கும்.

கோஜு ரியூ என்ற இன்னொரு கராத்தே பாணியில் சான்சின் என்று ஒரு கட்டா உண்டு. அதில் உடம்பு முழுவதையும் இறுக்கி, மூச்சைக் கட்டுப்படுத்தி மெதுவாகச் செய்வார்கள். அதன் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன, பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கட்டாவையும் அப்படிச் செய்யத் தொடங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். நம் ஷோட்டோகானில் ஹாங்கெட்சு கட்டாவின் முதல் பாதியில் அந்தச் சாயல் வரும். பஸ்ஸாய் டாய் வேறு வகை.

ஷோட்டோகானின் மூலவர் ஃபுனாகோஷி கிச்சின் (1868–1957) வகுத்த இருபது நெறிகளில் ஒன்று இதையே பேசுகிறது. பலத்தில் கூடுதல் குறைவு, உடம்பில் விரிவு சுருக்கம், அடியில் வேகம் நிதானம், இவற்றை மறக்காதே என்கிறது. எல்லா அடியையும் ஒரே பலத்தில் செய்கிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. உங்கள் கட்டாவில் 42 அசைவுகள். நாற்பத்திரண்டும் உச்சத்தில் இருந்தால் உச்சம் எது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் கொஞ்ச நாள் முழு கட்டாவை நிறுத்தி வையுங்கள். தேர்வை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறேனே என்று பயப்பட வேண்டாம், வரிசை உங்களை விட்டு எங்கும் போகாது. ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி முடிந்து, கால்களைத் தோள் அகலத்தில் வைத்து நேராக நின்று, இடது கையை மெதுவாக முன்னால் நீட்டுவீர்கள் அல்லவா? அங்கிருந்து வலது பஞ்ச், இடுப்பு வெட்டித் திரும்ப வலது உச்சி உகே (உள்ளிருந்து வெளியே போகும் தடுப்பு), பிறகு இடது பஞ்ச், இடது உச்சி உகே. இந்த இடத்தில் அடி எடுத்து வைப்பதே இல்லை. பவர் வந்தால் இடுப்பில் இருந்துதான் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒளித்து வைக்கவும் முடியாது.

முதல் வாரம் துளி பலமும் போடாமல் மெதுவாகச் செய்யுங்கள். இடுப்பு தொடங்கட்டும், கை பின்தொடரட்டும். அப்புறம் யாரையாவது போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கச் சொல்லி, பெல்ட் முடிச்சை மட்டும் பாருங்கள். முடிச்சு திரும்பி நின்ற பிறகு, அல்லது அதோடு சேர்ந்து, முஷ்டி நிற்க வேண்டும். முஷ்டி போய்ச் சேர்ந்த பிறகு முடிச்சு திரும்பினால் இடுப்பு வெறும் அலங்காரத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பிரௌன் பெல்ட்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இது. அதே படத்தில் தோளையும் பாருங்கள். அடி முடியும்போது தோள் காது பக்கம் ஏறியிருந்தால் இறுக்கம் தப்பான இடத்தில் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, விலாவை ஒட்டித்தான் அது தெரிய வேண்டும்.

டோஜோவில் தோழி ஒருத்தியை உங்கள் பின்னால் நிற்கவைத்து, இன்னொரு பெல்ட்டை உங்கள் இடுப்பைச் சுற்றிப் போட்டு லேசாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இழுப்பை மீறி ஜென்குத்சு டாச்சியில் முன்னால் போங்கள். பின்கால் குதிகால் தரையை அழுத்தாமல் நகரவே முடியாது என்பது உடனே புரியும். உங்கள் கால்களுக்கு இடையே பக்கவாட்டு அகலம் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே கோட்டில் நிற்பவருக்கு இடுப்பு திரும்ப இடமில்லை.

பங்காய், அதாவது ஒவ்வொரு அசைவும் எதிரியிடம் எதற்கு என்ற விளக்கம், தெரியாமலும் பவர் வராது. முதல் கியாய் (அடியோடு எழுப்பும் குரல்) வரும் 19ஆவது அசைவில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி வலது காலால் தாழ உதைக்கிறீர்கள். எதிரி ஒருவரின் கையைப் பிடித்திருக்கிறேன், அவரை இழுத்து அவர் முட்டியில் உதைக்கிறேன் என்று தெரிந்து செய்தால் கை தானாகவே கனக்கும். தெரியாவிட்டால் கை காற்றில் மிதக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் காலைச் சேர்த்து இரண்டு கையையும் மேலே உயர்த்தி, உடனே முன்னால் பாய்ந்து இரு முஷ்டியாலும் விலாவில் அடிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு முழுக்கச் சுருங்கித் திரண்டு, பிறகு ஒரே வீச்சில் விரிகிறது. ஃபுனாகோஷி சொன்ன விரிவு சுருக்கத்தை இங்கே கண்ணால் பார்க்கலாம். அந்தச் சேரும் கணத்தில் அவசரப்படாதீர்கள்.

சத்தத்தைப் பவர் என்று நினைக்கவும் வேண்டாம். விடியற்காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மாடியில் சட்டைக்கை தானாகவே படபடக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டி விதிகளில் காலைத் தரையில் ஓங்கி மிதிப்பதும், மார்பிலோ உடையிலோ தட்டிச் சத்தம் எழுப்புவதும், மூச்சைச் செயற்கையாகச் சத்தமிட்டு விடுவதும் குறைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

உங்கள் ஊர்ப் பக்கம் களரி (களரிப்பயற்றுக் கூடம்) இருந்தால் ஒருநாள் போய் மெய்ப்பயற்று என்ற உடற்பயிற்சி வரிசையைப் பாருங்கள். ஆசான் வாய்த்தாரி (வாய்க்கட்டளை) சொல்லச் சொல்ல, தரையோடு தாழ்ந்து போகிற உடம்பு எங்கும் விறைக்காமல் எழுவதைக் கவனியுங்கள். வேறு கலைதான், ஆனால் தளர்வு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் உங்கள் உடம்புக்கும் பிடிபடும்.

ஒரே இடத்தில் இவ்வளவு நாளா என்று அலுப்பு வரலாம். ஃபுனாகோஷி தாம் பயின்ற காலத்தில், மூன்று டெக்கி கட்டாக்களுக்கு மட்டும் 10 ஆண்டுகள் செலவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். நான் உங்களிடம் கேட்பது சில வாரங்கள். அதன் பிறகு முழு கட்டாவையும் நாளுக்கு இரண்டு முறை மட்டும், தேர்வில் செய்வது போல, முழு மனத்தோடு செய்யுங்கள். மற்ற நேரமெல்லாம் பகுதி பகுதியாகத்தான். இதை உங்கள் சென்செய்யிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திரும்பும்போது பாதத்தின் எந்தப் பக்கத்தில் எடையை வைப்பது என்பதை அவர் பக்கத்தில் நின்று திருத்துவதுதான் சரி.

கை வெயிட் வாங்க வேண்டாம். எடையோடு வேகமாகப் பஞ்ச் விட்டால் கடைசியில் கையை நிறுத்தும் பாரம் முழுவதும் முழங்கை மூட்டில் விழும். தோளும் சேர்ந்து இறுகும், இப்போது நீங்கள் விடப் பார்ப்பதும் அந்த இறுக்கத்தைத்தானே. பலம் கூட்ட வேண்டுமென்றால் கட்டாவுக்கு வெளியே தண்டால் எடுங்கள், பைஸ்கி போடுங்கள். முழங்கால் வலி போன பிறகு பைஸ்கி.