வெளியூரில் வேலை பார்ப்பவர்களே, அன்றாடம் உங்களை எரிச்சலூட்டும் சின்ன விஷயம் எது?

நமத்துப்போன அப்பளம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் விருதுநகர்க்காரன். மும்பைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. செம்பூரில் வாடகை வீடு, அந்தேரியில் வேலை. கிளம்பும்போது ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்தியது வாடகை, ரயில் கூட்டம், இந்தி, இந்த மூன்றையும் வைத்துத்தான். மூன்றும் ஒருமாதிரி பழகிவிட்டது. ஈரத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் துணி காய்வதை யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. காலையில் கொடியில் போட்டால் பத்து மணிக்கெல்லாம் முறுக்கு மாதிரி விறைத்துவிடும். "சாயம் வெளுத்துப் போயிரும், எடுடா" என்று அம்மா கத்துவாள். இங்கே ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தால் செப்டம்பர் கடைசி வரை விடாது. மழை பெய்யாத நாளிலும் காற்று நனைந்தே இருக்கும். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள். அதுவும் காய்ந்தது என்று நாமாகச் சொல்லிக்கொள்வதுதான். இடுப்புப் பட்டியைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அதையே இஸ்திரி போட்டு ஆவி பறக்க மாட்டிக்கொண்டு ஓடினால், ரயிலில் ஏறியதும் ஒரு மக்கின வாடை. நம் சட்டைதானோ என்று கூச்சமாக இருக்கும். முதல் வருஷம் அப்படிக் கூனிக்குறுகி நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, பெட்டி முழுக்க அதே வாடைதான்.

இதில் ஜூலை மாதம் அம்மா போன் செய்து, "இங்க பொட்டுத் தூறல் இல்லடா, நீ கொடுத்து வச்சவன்" என்பாள். என்ன பதில் சொல்வது?

முதல் மழைக்காலம் முடிந்து ஒரு கல்யாணத்துக்குப் போக அலமாரியைத் திறந்தேன். தோல் ஷூ முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். பெல்ட்டிலும் அப்படியே. பக்கத்து வீட்டு மாமி நாற்பது வருஷமாகச் செம்பூரில் இருப்பவர். "என்னப்பா, ஷூவைப் போயா அலமாரில பூட்டி வச்ச?" என்று சிரித்துவிட்டு, எனக்கு ஒரு பாடமே நடத்தினார். மழை முடியும் வரை அலமாரிக் கதவை ஒருக்களித்தே வைக்க வேண்டும். அடித்தட்டில் அடுப்புக்கரியைத் துணியில் கட்டிப் போட வேண்டும். உப்பு ஜாடியில் நாலு அரிசி. அப்பளக் கட்டைப் பிரித்த அன்றே பொரித்துத் தீர்த்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. தனி ஆள் ஒரு கட்டு அப்பளத்தை எப்படித் தின்பது?

வெள்ளத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. எங்கள் மாவட்டத்தில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. அலுவலகத்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் அன்றைக்கு எங்கே மாட்டிக்கொண்டார்கள், எவ்வளவு தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. நான் அதையெல்லாம் பார்த்தவனில்லை. நான் கற்றுக்கொண்டது மழையோடு ஹை டைட் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான். கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்காது, தெருவிலேயே நிற்கும். ஹார்பர் லைனில் சூனாபட்டி பக்கம் தண்டவாளம் முங்கினால் என் கதை அன்றைக்கு முடிந்தது. வடாலா போய் ரயில் மாற வேண்டியவன் செம்பூர் நடைமேடையில் வடாபாவ் தின்றுகொண்டு நிற்பேன்.

இவ்வளவு மழைக்கு நடுவிலும் சில வருஷம் ஜூனில் குழாய்த் தண்ணீரைக் குறைப்பார்கள். முதலில் எனக்கு இது விளங்கவேயில்லை. நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏழு. துளசி, விஹார் இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் நாசிக், தானே ஊர்களின் பக்கம் தள்ளி இருக்கின்றன. அங்கே பெய்தால்தான் நமக்கு வாளி நிறையும். குடை பிடித்துக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதுண்டு.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டோக்காரர்கள் மீட்டர் போட்டு ஓட்டுகிறார்கள், சில்லறையைத் திருப்பித் தருகிறார்கள். நம் ஊரில் பட்டதை நினைத்தால் இதற்காகவே பாதி ஈரத்தை மன்னிக்கலாம்.

சரி, அப்பளத்துக்கு வருகிறேன். போன வருஷம் மே மாதம் அம்மா மொட்டை மாடியில் கூழ் வத்தலும் மோர் மிளகாயும் போட்டு, சித்தி பையனிடம் இரண்டு டப்பா கொடுத்து அனுப்பினாள். ஆகஸ்டில் திறந்தால் வத்தல் வளைகிறது, மிளகாயில் வெள்ளைப் படலம். போனில் சொன்னதும், "அதுக்கென்ன, ஒரு வெயில் காட்டி எடுத்து வை" என்றாள்.

எந்த வெயிலை? சூரியனைப் பார்த்துப் பத்து நாள் ஆகியிருந்தது. அப்படியே எட்டிப் பார்த்தாலும் எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி சொசைட்டி செயலரிடம். வத்தல் காயவைக்க என்று இந்தியில் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போய், 'மிர்ச்சி, தூப்' என்று கையால் சைகை காட்டினேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி கிடையாது என்றார். திரும்பி வந்து தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி வத்தலைப் பரப்பினேன். பாதி கருகியது. மிளகாயைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

அக்டோபரில் இங்கே மழை ஓய்ந்து சுள்ளென்று வெயில் வந்துவிடும். அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். "அடைமழைடா, மூணு நாளா ஒரு துணி காயல" என்றாள். ஜன்னல் கம்பியில் விறைத்துக் கிடந்த ஜீன்ஸை எடுத்து மடித்துக்கொண்டே, "ஃபேனைப் போட்டு அதுக்குக் கீழ போடும்மா" என்றேன்.