ஒப்பமிட வராதவரை மறியலுக்கு அனுப்புவதுதான் கண்காணிப்பா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கூலி வேலை செய்யும் ஒருவர், சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டிருக்கையில், தன்னைக் கண்காணிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரைச் சந்தித்து ஒப்பமிடும் தவணையைத் தவறவிட்டால் அவரை மறியலுக்கு (சிறைக்கு) அனுப்புவது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் 1944ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டத்தின்படி, நிபந்தனையை மீறியவரை நீதிமன்றம் மீண்டும் அழைத்து, முதற் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். ஆனால் புதிதாகக் களவெடுத்தவரையும், வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒரு நாள் சம்பளத்தை இழக்க மனமின்றி வராமலிருந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பின்னர் பஸ் ஏறி நகரத்துக்கு வருபவருக்கு ஒரு கையொப்பத்துக்காக முழு நாளும் போய்விடும். (அந்தக் கையொப்பம் அவரைத் திருத்துகிறதா என்பது வேறு கேள்வி.) எனவே முதல் தவறுக்கு எச்சரிக்கை, அடுத்ததற்குக் கூடுதல் சந்திப்பு, தொடர்ந்து மீறினால் மட்டுமே நீதிமன்றம் என்ற படிமுறை வேண்டும். ஆபத்துக் குறைந்தவர்களை மிகையாகக் கண்காணிப்பது அவர்களின் தொழிலையும் குடும்பத்தையும் குலைத்து, சிலவேளை குற்றத்தையே கூட்டிவிடும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உத்தியோகத்தர் மாதம் ஒருமுறை பிரதேச செயலகத்துக்கு வந்து சந்திப்பதே, என் பார்வையில், முதலில் செய்யக்கூடிய மாற்றம். அதற்குச் சட்டத்திருத்தம் தேவைப்படாது.